எண்ணும் எல்லையும்

முதியோர் ஆக அதிகமாக வாழும் வட்டாரம் எது? தொண்டூழியத்திற்கு இடம் தேடும் மாணவர்கள் இதை ஊகிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அட்டவணைகளைப் புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்திலிருந்து எவரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம்.

அட்டவணையில் வட்டாரத்தின் பெயரும் எண்ணும் மட்டுமே இருக்கும். அவ்வட்டாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எல்லைக் கோப்பு காட்டும். அது அரசாங்கத்தின் தரவுத் தளத்தில் கிடைக்கிறது. வரைபட மென்பொருளில் இரண்டையும் வட்டாரப் பெயரைக்கொண்டு இணைக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுவர். எல்லைக் கோப்பில் பிடோக்கின் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். அட்டவணையில் அப்படி இராது. கணினி இவற்றை வெவ்வேறு பெயர்களாகக் கருதினால், வரைபடத்தில் பிடோக் வெறுமையாக நிற்கும்.

ஆண்டும் பொருந்த வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு 2019ஆம் ஆண்டுப் பெருந்திட்டத்தின் எல்லைகளே உரியவை.

பிடோக்கில் மக்கள் அதிகம். அதனால் முதியோரும் அதிகம். வீடுவீடாக உணவு கொண்டுசெல்லத் திட்டமிடுவோருக்கு அந்த எண்ணிக்கை போதும். இரு வட்டாரங்களை ஒப்பிட விரும்பினால், நூறு பேரில் எத்தனை பேர் முதியோர் என்று கணக்கிட வேண்டும்.