மிளகாய் நாற்றங்காலும் ஜலமும்

புதிதாக மிளகாய் பயிரிடும் அங்கத்தினர்கள் நாற்றை இழப்பது பெரும்பாலும் ஜலக் குறைவினாலன்று, மிகுதியினாலேயாம். ஈரம் வடியாத பாத்தியில் இளந்தண்டு மண்ணையொட்டி அழுகி, நாற்று சாய்ந்து மடியும். இது மண்ணிலுள்ள பூஞ்சணத்தாலுண்டாகும் நாற்றழுகல் வியாதி. வாட்டமென்றெண்ணி மேலும் ஜலம் விடுவோர் வியாதியையே வளர்க்கின்றனர்.

ஆகவே பாத்தியை 3 அடி அகலத்தில், அரையடி உயர்த்தி அமைக்கவேண்டும். ஏக்கர் நடவுக்குச் சுமார் 400 கிராம் விதை போதும். நெருக்கி விதைத்தல் தகாது. மூடிய வைக்கோலை முளை கண்டதும் மாலையில் நீக்கி, பிறகு காலையில் மட்டும் பூவாளியால் தெளிக்கவும். மடிந்த நாற்று மீளாது. மிஞ்சியவற்றைக் காக்க 1 சதவீத போர்டோக் கலவையை வேரடியில் ஊற்றலாம். இக்கலவையை இரும்புப் பாத்திரத்தில் தயாரிக்கலாகாது.

40 முதல் 45 நாளில் நாற்று நடவுக்காகும். அதற்குச் சில நாள் முன்னரே ஜலத்தைக் குறைப்பின் தண்டு உறுதிப்படும்.