மோரில் கிடக்கும் வாழைப்பூ

அன்புள்ள மீனு,

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பருக்கு நான் காத்து நின்றபோதுதான் உன் போன். “அத்தை, மோரில் போட்டும் வாழைப்பூ கறுத்துப்போச்சு!” அந்த இரைச்சலில் என்ன சொன்னேனோ, உனக்கு என்ன கேட்டதோ. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

பூ முழுவதையும் நறுக்கி முடித்த பிறகுதானே மோரை ஊற்றினாய்? உன்னை எனக்குத் தெரியாதா! மோர்த் தண்ணீர் முதலில் தயாராக இருக்கவேண்டும். நறுக்க நறுக்க அதில் விழவேண்டும்.

காரணம் கேள். பூவின் ஒவ்வொரு செல்லிலும் துவர்ப்பைத் தரும் ஃபீனால்கள் ஓர் அறையில், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி இன்னோர் அறையில். கத்தி பட்டால் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும். காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தால் பழுப்புதான். அந்த நொதிக்குப் பிடித்த பிஎச் ஏறக்குறைய 6, 7. புளித்த மோர் 4.5 பக்கம். அந்தப் புளிப்பில் நொதி சோர்ந்துபோகும். அவ்வளவுதான் மோரின் வேலை: தடுப்பது. வந்துவிட்ட கறையை அது கழுவாது.

“அப்போ நொதி செத்துடுமா?” இல்லை அம்மா, இங்கேதான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள். மோரைக் கழுவிவிட்டு ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பார், மறுபடி கறுக்கும். கொதிக்கவிட்டால்தான் அதன் கதை முடியும்.

மோர் இல்லையென்றால் எலுமிச்சை பிழி. அதன் சிட்ரிக் அமிலம் புளிப்பைக் கூட்டுவதோடு, நொதியின் நடுவே இருக்கும் செம்பையும் பற்றிக்கொள்ளும். அதிலுள்ள வைட்டமின் சி பழுப்பாகப் போகும் பொருளைப் பழையபடி ஃபீனாலாக்கிவிடும், தான் தீரும்வரை. வெறும் தண்ணீர் காற்றைக் கொஞ்சம் மறைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்காதே.

“குளிரும் தடுக்குமே” என்று பூவன் சீப்பை பிரிட்ஜில் வைத்துவிடாதே! வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோலின் செல் சவ்வுகள் கெட்டு, கத்தி செய்ததையே குளிர் செய்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாய் அல்லவா? மடல் இறுகிய பூவாகப் பார்த்து வாங்கி வா. ஒவ்வொரு பூவின் நடுவிலும் இருக்கும் நரம்பை, அந்தக் கள்ளனை, எடுக்கும் வேலை உனக்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள், பிறகு விரல் கறுத்தது என்று என்னிடம் அழாதே.

அன்புடன்,
அத்தை