இரவுக் கழுகாரின் வின்செஸ்டரும் ஆண்டர்சனின் டார்ச்சும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள முகிலன்,

லயன் காமிக்ஸில் 'இரவுக் கழுகார்' டெக்ஸ் வில்லர் குதிரை மேல் இருந்தபடி வின்செஸ்டரை இயக்குவதைப் பார்த்துவிட்டு, "லீவர் துப்பாக்கிகளில் எது பெஸ்ட், மாமா? அதை எப்படியெல்லாம் மாத்தலாம்?" என்று கேட்டிருந்தாய். எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எந்தக் கருவியையும் சிறந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

முதலில் இயக்கத்தைப் புரிந்துகொள். விசையைச் சுற்றி இருக்கும் வளையந்தான் லீவர். அதைக் கீழே தள்ளினால், தோட்டா அறையை அடைத்திருக்கும் போல்ட் பின்னால் வரும். வரும்போதே சுட்டு முடிந்த காலி உறையை இழுத்து வெளியே எறியும். சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளித் தயாராக நிறுத்தும். லீவரை மேலே இழுத்தால் அதே போல்ட் அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளி, வாயைப் பூட்டிவிடும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டுக்குத் தயாராகிவிடலாம்.

1860-இல் வந்த ஹென்றி ரைஃபிளில் 16 தோட்டாக்கள் வரை நிரப்பலாம். குழல் வாய் வழியே ஒவ்வொரு குண்டாகத் திணித்துச் சுடும் துப்பாக்கிகள் பெருவாரியாக இருந்த காலம் அது. அடுத்து 1873 வின்செஸ்டர். அதன் .44-40 தோட்டாவையே கோல்ட் ரிவால்வரிலும் போடலாம் என்பதால், குதிரையில் போகிறவன் ஒரே வகைத் தோட்டாவை எடுத்துப் போனால் போதும். இந்தத் துப்பாக்கிகளின் போல்ட்டைத் தாங்கி நின்றது முழங்கால் போல மடங்கி நிமிரும் ஓர் இணைப்பு. சின்னத் தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்கும், பெரிய தோட்டாவைத் தாங்காது. ஜான் பிரௌனிங் 1886 மாடலில் அந்த இணைப்பை விட்டுவிட்டு, செங்குத்தாக ஏறிப் பூட்டும் இரண்டு எஃகுக் கட்டைகளை வைத்தார். பெரிய விலங்குகளுக்கான தோட்டாக்களை லீவர் துப்பாக்கியில் போட அதுதான் வழி திறந்தது. அவரே வடிவமைத்த 1894 மாடல், தூக்கி நடக்க இலகுவானது. மான் வேட்டைக்காரர்கள் அதை விடவில்லை. 70 லட்சத்துக்கும் மேல் விற்றது.

இவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ளதன் முனை, முன்னால் உள்ளதன் அடிப்பக்கத்தில், அதாவது தீப்பற்ற வைக்கும் பிரைமர் மேலேயே முட்டும். கூர்முனைக் குண்டாக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால் முனை தட்டையாக இருக்க வேண்டியிருந்தது. தட்டை முனை காற்றை எதிர்த்து வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். இந்தச் சிக்கலுக்கு பிரௌனிங் தந்த விடை 1895 மாடல்: குழாயை நீக்கிவிட்டு, விசைக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்து, தோட்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பல ஆண்டுகள் கழித்து, 2000-களின் நடுவில், ஹார்னடி நிறுவனம் மென்மையான பிளாஸ்டிக் முனை வைத்த குண்டுகளைக் கொண்டுவந்து குழாய்த் துப்பாக்கிகளுக்கும் கூர்முனையைச் சாத்தியமாக்கியது.

இந்த 1895 மாடலுக்கும் தமிழ்நாட்டுக் காட்டுக்கும் தொடர்பு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப் போனபோது கையில் இருந்தது .405 தோட்டா போடும் இந்த வின்செஸ்டர்தான். அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது சுமார் 19 கிராம். ஆப்பிரிக்க வேட்டைக்குப் போன முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் சிங்கத்துக்கு நம்பியது இதைத்தான்.

ஆண்டர்சன் மரத்துப் பரண்மேல் இரவெல்லாம் காத்திருப்பார். இருட்டில் புலியும் தெரியாது, துப்பாக்கியின் குறிமுனையும் தெரியாது. அதனால் குழலில் ஒரு டார்ச் விளக்கைக் கிளாம்பு வைத்துப் பொருத்திக்கொண்டார். கஸ்டமைஸ் என்று நீ சொல்வதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம். அதைக் கேட்டது அவருடைய வேலை. அதே ஆண்டர்சன் பிற்காலத்தில் துப்பாக்கியைக் குறைத்துக் கேமராவைக் கையில் எடுத்தார் என்பதையும் தெரிந்துகொள்.

ஆர்வலர்கள் செய்யும் மற்ற மாற்றங்களையும் இப்படியே நிறுத்துப் பார். பள்ளம் வெட்டிய பழைய பின்குறிக்குப் பதிலாகச் சின்ன வட்டத் துளை வைக்கிறார்கள். துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிப் பிடித்துக்கொள்வதால் குறி பார்ப்பது வேகமாகிறது. இது உருப்படியான மாற்றம். 1895 மாடலின் கட்டை தாழ்ந்து வளைந்தது, அடியில் எஃகுத் தகடு வேறு. .405 சுட்டால் தோள் நன்றாகவே வாங்கும். தகட்டின் இடத்தில் ரப்பர் வைப்பதும், கட்டையின் நீளத்தைச் சுடுபவரின் கைக்கு ஏற்பத் திருத்துவதும் நியாயம். தொலைநோக்கி பொருத்த நினைப்பவர்கள் மார்லின் 336-ஐத் தேடுவதற்கும் காரணம் உண்டு. அது காலி உறையைப் பக்கவாட்டில் எறியும். பழைய வின்செஸ்டர் 94 மேலே எறிவதால், தொலைநோக்கி உறையின் வழியில் குறுக்கே நிற்கும்.

பெரிய வளைய லீவர்? 1939-இல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில் ஜான் வெய்ன் துப்பாக்கியை ஒரு கையால் சுழற்றுவாரே, அந்த வளையம். பனி நாட்டில் தடித்த கையுறை போட்டவனுக்கு அது உதவும். பினாங்கு வெயிலில் அது வெறும் நகை.

இனி சட்டம். இதை இரண்டு தடவை படி. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. காற்றுத் துப்பாக்கிக்கும் இதே விதிதான். அசல் போலத் தோன்றும் போலித் துப்பாக்கியும் குற்றம். அனுமதியில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால், 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும், குறைந்தது ஆறு பிரம்படியும். ஆகவே இணையத்தில் பார்த்த எதையும் ஆர்டர் செய்யாதே. '3டி பிரிண்டரில் ஒரு மாடல் போடலாம்' என்று கூட்டாளி யாராவது சொன்னாலும் சேராதே.

அதனால் உன் ஆசைக்கு இங்கே இடமே இல்லை என்று நினைக்காதே. சுடுவதில் விருப்பம் இருந்தால் அம்மா அப்பாவிடம் சொல்லி, பயிற்சியாளர் இருக்கும் முறையான சங்கத்தின் வழியாகக் குறி சுடும் விளையாட்டுக்குப் போ. 10 மீட்டர் காற்று ரைஃபிளில், 4.5 மில்லிமீட்டர் குண்டால் அடிக்க வேண்டிய நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். நம் நாட்டு நூர் சூர்யானி 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இந்தப் போட்டியில் கலந்துகொண்டார். அந்த ரைஃபிளில் கன்னம் வைக்கும் பலகை, தோள் தகடு எல்லாம் திருகாணியால் நகரும். ஆளுக்கு ஏற்ப ஆயுதத்தை அமைக்கும் கலையை அங்கே சட்டப்படியே கற்றுக்கொள்ளலாம்.

சரித்திரத்தில் விருப்பம் என்றால் கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் போய் ஸ்ரீ ராம்பாய் பீரங்கியைப் பார். 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி. ஜொகூர் சுல்தானுக்குப் பரிசாகப் போய், அச்சே வீரர்கள் கையில் சிக்கி, சிலாங்கூர் வந்து, 1871-இல் ஆங்கிலேயர்கள் கைப்பற்ற, கடைசியில் பினாங்கு சேர்ந்தது. அதன் மேல் ஜாவி எழுத்துப் பொறிப்பு உண்டு. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைக்கும் வழக்கமும் இருந்தது. வார்த்தவன் நினைத்துப் பார்க்காத வேலையை அடுத்து வந்தவர்கள் அதற்குக் கொடுத்தார்கள்.

இயந்திரத்தில்தான் விருப்பம் என்றால் பென்சிலும் வரைதாளும் போதும். 1873, 1886, 1895 ஆகிய மூன்றின் குறுக்குவெட்டுப் படத்தையும் பக்கம் பக்கமாக வரை. ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, முந்தைய மாடலில் இருந்த எந்தக் குறையைத் தீர்க்க அது வந்தது என்று ஒரு வரி எழுது. காரணம் எழுத முடியாத பாகத்தைச் சிவப்பு மையில் சுழித்து வை. தீபாவளி லீவுக்கு வரும்போது எடுத்து வா, சிவப்பில் இருப்பதை மட்டும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
மாமா