வாவிக்கரையில் பறவை காணச் செல்வோர்க்கு

கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், அமைந்திருப்பதால், அதிகாலையில் நீர்ப்பரப்பை நோக்குவோர்க்குச் சூரியன் நேரே கண்ணிற்பட்டு, நெடுங்கால் உள்ளானின் ரோஜா நிறக் கால்கள்கூட வெறுங் கருங்கோடுகளாகவே தோன்றுமாகையால், காலைப்பொழுதை வயல்வெளிக்கும் குளக்கரைக்கும் ஒதுக்கி, மாலை வெயில் முதுகில் விழும் வேளையில் வாவியைத் தரிசிப்பதே உத்தமம்.

ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வலசைப் பறவைகள் தங்கும் காலம். மாரிவெள்ளம் வடிந்து சேற்றுத்திடல் வெளிப்படும் மாதங்கள் விசேஷமானவை. மேயுங் கூட்டம் ஏககாலத்தில் தலைநிமிர்ந்தால் அவ்விடத்திலேயே நின்றுவிடுங்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த ஜீவன்களை இரைவிட்டு எழச்செய்வது அநியாயம்.

குழுவாகச் செல்வோர், ஒருவர் எண்ண மற்றொருவர் எழுதி, இடம், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை, 1976இல் தோன்றிய இலங்கைக் களப் பறவையியல் குழு போன்ற சங்கங்களுக்கு அனுப்பிவைக்கலாம். ஜனவரிதோறும் நிகழும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பங்குகொள்ளலாம்.