தனியாளும் பாவு பீமும்

அம்மையார்குப்பத்தின் தெருக்களில் பகற்பொழுதில் செல்வோர் எவரும் தறியோசையைக் கேளாமல் செல்ல இயலாது. அவ்வோசை ஒரு வீட்டில் நின்றுவிட்டதாயின், பெரும்பாலும் மூன்று காரணங்களுள் ஒன்று இருக்கும். மின்சாரம் நின்றிருக்கும், அல்லது நூல் வந்து சேராதிருக்கும், அல்லது பாவு தீர்ந்து, புதிய பீம் ஏற்ற வேண்டியிருக்கும். முதலிரண்டும் நம் கையில் இல்லாதவை. மூன்றாவதைப் பற்றியே இம்மாதப் பாடத்தை அமைத்திருக்கிறோம்.

முன்பு கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த வீடுகளில் பீம் ஏற்றுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. தம்பி ஒரு முனையைப் பிடிப்பான், மைத்துனன் மறுமுனையைப் பிடிப்பான். இன்றோ பிள்ளைகள் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் சென்றுவிட, பல வீடுகளில் கணவன், மனைவி இருவரே தறி ஓட்டுகின்றனர். அவ்விருவருள் ஒருவர் வெளியே சென்றிருக்கும் வேளையில்தான் பாவு தீரும். அது தறியின் சுபாவம் போலும்! காத்திருந்தால் அரை நாள் கூலி போகும் என்று எண்ணி, இருப்பவர் தாமே பீமைத் தூக்க முற்படுகிறார்.

நமக்குத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் அவ்விதமே செய்தார். ஐம்பதை நெருங்கிய வயது. மனைவி திருத்தணிக்குச் சென்றிருந்த ஒரு காலையில், நிறைபாவு சுற்றிய பீமை ஒரே மூச்சில் தரையிலிருந்து எடுத்து, இடுப்பைத் திருப்பித் தறியில் வைக்க முயன்றார். பாதி திரும்பியபோதே இடுப்பில் ஏதோ அறுந்தது போலிருந்தது என்றார். நாற்பது நாட்கள் தறி நின்றது. வாங்கியிருந்த முன்பணமோ நிற்கவில்லை. நாம் சென்று பார்த்தபோது, "இருபது வருஷமா இப்படித்தாண்ணா தூக்கறேன், ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லையே" என்று அவர் வருந்தினார். இருபது ஆண்டுகள் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையன்று. ஆனது தெரியவில்லை என்பதே உண்மை. முதுகெலும்புகளுக்கிடையே மெத்தை போல் அமைந்துள்ள வட்டுகள் சிறிது சிறிதாகவே தேய்கின்றன. கடைசித் துரும்பு எந்தக் காலையில் விழும் என்பதை எவரும் முன்னறிவதில்லை.

ஆகையால் முதற்பாடம், தூக்குமுன் நிறையை அறிதல். நெசவாளருக்கு இது எளிது. நூல் நம்பர் கணக்கு நம் கைவசம் இருக்கிறதல்லவா? 40-ஆம் நம்பர் நூலென்றால், ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம். சிட்டம் ஒன்றுக்கு 840 கெஜம். மீட்டரில் கணக்கிட்டால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 67,700 மீட்டர் வரும். 2,800 இழைகள் கொண்ட பாவு, 500 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த இழை நீளம் 14 லட்சம் மீட்டர். இதை 67,700-ஆல் வகுத்தால் 21 கிலோவை ஒட்டி வரும். கஞ்சிப் பசைக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 23 கிலோ. இதே பாவு 1,000 மீட்டராயின் 46 கிலோ. 60-ஆம் நம்பர் நூலாயின் இதில் மூன்றில் இரண்டு பங்கு. இத்துடன் வெறும் இரும்புப் பீமின் நிறையையும் சேர்க்க வேண்டும். அதை ஒரு முறை தராசில் நிறுத்து, பீமின் பக்கத்தட்டில் வர்ணத்தால் எழுதி வைத்துவிட்டால் பின்னர் என்றும் பயன்படும். வெறும் பீம் 30 கிலோ என்று கொண்டால், 500 மீட்டர் பாவுடன் அது 53 கிலோ ஆகிறது.

53 கிலோ பெரிதா, சிறிதா? அமெரிக்காவிலுள்ள தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிலையம் 1991-இல் திருத்தியமைத்த கணக்கொன்று உண்டு. எல்லா வசதிகளும் பொருந்தியிருக்கும் நிலையில் ஒருவர் தூக்கத்தக்க நிறை 23 கிலோ என்று அது கொள்கிறது. வசதிகள் என்பன யாவை? பாரம் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உடலைத் திருப்பக் கூடாது. கைப்பிடி நன்றாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் 23 என்பது இறங்கிக்கொண்டே போகும். பீமோ தரையில் கிடக்கிறது, கைப்பிடியும் இல்லை, திரும்பாமல் தறியில் வைக்கவும் இயலாது.

வீட்டிலுள்ள ஏனைய பாரங்களையும் இவ்வளவுகோலால் பார்த்துக்கொள்ளலாம். எரிவாயு நிரம்பிய சிலிண்டர் 30 கிலோவை ஒட்டியது. அதில் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. பயிரிடும் அங்கத்தினர்கள் தோளிலேற்றும் யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ; அதற்கு முன் 50. சிமெண்டு மூட்டை 50. அரிசிச் சிப்பம் 25 கிலோவாயிருந்தது, 2022-இல் 25 கிலோ வரையுள்ள சிப்பங்களுக்கு வரி வந்ததும் பல கடைகளில் 26 ஆயிற்று. வரிக்குத் தப்பிய அந்த ஒரு கிலோவை நம் முதுகு சுமக்கிறது!

நிறையைவிட முக்கியமானது தூரம். இதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம், ஏனெனில் பாரந்தூக்கும் கலை முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது. முதுகெலும்பை ஒரு நெம்புகோலின் தாங்குமுனையாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்புறத்தில் கைகளிலுள்ள பாரம் கீழே இழுக்கிறது. பின்புறத்திலுள்ள முதுகுத் தசைகள் அதற்கு ஈடாக இழுக்க வேண்டும். அத்தசைகள் முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. கையை நீட்டி 50 சென்டிமீட்டர் தொலைவில் 20 கிலோவைப் பிடித்தால், பத்து மடங்கு தூரத்திற்குப் பத்து மடங்கு விசை. தசைகள் 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். இழுவிசை, பாரம் இரண்டும் சேர்ந்து அந்தச் சிறிய வட்டின் மேல் அழுத்துகின்றன. அதே 20 கிலோவை வயிற்றோடு அணைத்து 25 சென்டிமீட்டரில் பிடித்தால் தசையின் இழுப்பு 100 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. பாரம் மாறவில்லை, பிடித்த இடம் மாறியது, அவ்வளவே.

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளில் காவடியோடு ஏறுவோரைப் பார்த்திருப்பீர்கள். பாற்குடங்கள் இருபுறமும் சமமாகத் தொங்க, தண்டு தோளின் மேல் அமைந்திருக்கிறது. பாரம் உடலுக்கு முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை; நேரே தோள்வழியாக இடுப்பில் இறங்கி, காலில் இறங்கி, படியில் இறங்குகிறது. முதியவரும் ஏறிவிடுகிறார். அதே நிறையை ஒரே குடத்தில் ஊற்றி, ஒரு கையில் தொங்கவிட்டு ஏறச் சொன்னால் பாதி மலையில் உட்கார்ந்துவிடுவார். பக்தியின் பங்கை நாம் குறைத்துக் கூறவில்லை. காவடித் தண்டின் பங்கையும் சேர்த்துக் கூறுகிறோம்.

முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை வளைக்காதே என்று பள்ளிச் சுவரிலும் தொழிற்சாலைச் சுவரிலும் எழுதியிருப்பதைக் காண்கிறோம். அது தவறன்று, ஆனால் அதுவே எல்லாமும் அன்று. முழங்காலுக்கிடையே அடங்காத அகன்ற பொருளை முழங்கால் மடக்கித் தூக்கினால், பாரம் முழங்காலுக்கு முன்னே தள்ளப்பட்டுத் தூரம் அதிகமாகிவிடுகிறது. அருகில் கொணர்தல், திருகாதிருத்தல், திடீரென வெட்டி இழுக்காதிருத்தல் ஆகிய மூன்றுமே முதன்மையானவை. திரும்ப வேண்டியிருந்தால் இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புக.

இனி, பீமைத் தனியாளாக ஏற்றும் வகையைப் பார்ப்போம். முதலில் மோட்டாரின் சுவிட்சை அணைத்து, இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். தறியைச் சுற்றித் தரையில் சிந்திய எண்ணெயையும் பஞ்சுத் தூசியையும் துடைத்தெடுக்க வேண்டும். வழுக்கும் தரையில் எந்த முறையும் முறையாகாது.

பீமை ஒருபோதும் முழுவதுமாகத் தூக்கக் கூடாது. ஒரு முனை தரையிலிருக்க மறுமுனையை மட்டும் உயர்த்தினால், நம் கைக்கு வருவது பாதி நிறையே. 53 கிலோ பீமில் அது 26½ கிலோ. இதுவும் சற்று அதிகமாகையால், இரண்டு உபாயங்களைச் சேர்த்துக்கொள்வது நலம். ஒன்று, படிப்படியாக ஏற்றுதல். அரை அடி உயரமும், அதைவிடப் பெரியதாக ஒரு அடி உயரமும் உள்ள கட்டைகள் இரண்டிரண்டு செய்து, மேற்புறத்தைக் கவட்டை போல் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பீமின் இருசு அந்த வெட்டில் அமர்ந்தால் உருளாது. முதலில் இடமுனை சிறு கட்டையின் மேல். பிறகு வலமுனை சிறு கட்டையின் மேல். மீண்டும் இடமுனை பெரிய கட்டையின் மேல். இவ்விதம் மாறிமாறி ஏற்றித் தறியின் தாங்கிக்குச் சமமான உயரம் வந்ததும், தள்ளி அமர்த்துவதே மிஞ்சியிருக்கும். ஒரு முனை உயரும்போது மறுமுனை நழுவாதிருக்க நனைந்த சாக்கை அடியில் போட்டு, ஓர் ஆப்பையும் செருக வேண்டும். தாங்கியில் முதலில் அமர்ந்த முனையைக் கயிற்றால் ஒரு சுற்றுக் கட்டிவைக்க வேண்டும். இரண்டாம் முனையை உயர்த்தும்போது முதல் முனை துள்ளி வெளிவந்து காலில் விழுவது நாம் கேள்விப்படாததன்று.

மற்றொன்று கடப்பாரை. ஐந்தடிக் கடப்பாரையின் நுனியை இருசின் அடியில் கொடுத்து, நுனியிலிருந்து ஓரடித் தள்ளி ஒரு கட்டையைத் தாங்கலாக வைத்து அழுத்துங்கள். நம் பக்கம் நாலடி, பாரத்தின் பக்கம் ஓரடி. 26½ கிலோவை உயர்த்த 7 கிலோ அழுத்தம் போதும். கை இரண்டடி கீழிறங்கினால் பாரம் அரையடி உயரும். ஒரு கையால் கடப்பாரையை அழுத்திக்கொண்டு மறுகையால் கட்டையைச் செருகலாம். விரல்கள் இருசுக்கும் கட்டைக்கும் நடுவே போகாதபடி, கட்டையின் வெளிப்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுவது அவசியம். கடப்பாரை நூலின் மேல் படலாகாது என்று நெசவாளருக்கு நாம் கூற வேண்டியதில்லை.

இவ்வழி மெதுவானது என்று சிலர் சலித்துக்கொள்வர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாலி வாலிங்டன் என்னும் ஓய்வுபெற்ற கட்டடத் தொழிலாளி, பல டன் எடையுள்ள காங்கிரீட்டுப் பாளங்களைத் தனியொருவராக நகர்த்தியும் நிமிர்த்தியும் காட்டியிருக்கிறார். அவரிடம் பாரந்தூக்கி எந்திரம் எதுவும் இல்லை. ஒரு பக்கத்தைச் சிறிது சாய்த்து ஒரு பலகைத் துண்டைச் செருகுவார். மறுபக்கத்தைச் சாய்த்து இன்னொன்றைச் செருகுவார். நகர்த்த வேண்டுமாயின், பாளத்தின் நடுவை ஒட்டிச் சிறு கல்லொன்றை அடியில் வைத்து, அதன்மேல் பாளத்தைச் சுழற்றுவார். நம் வீட்டு ஆட்டுக்கல்லையும் இரும்புப் பீரோவையும் இவ்வாறே நகர்த்தலாம். பீரோவாயின் முதலில் காலி செய்து, கதவைப் பூட்டி, கால்களுக்கடியில் சாக்கை நுழைத்து இழுப்பது இன்னும் எளிது.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரவு படுத்திருக்கையில் முதுகு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாயிருப்பது இதனால்தான். பருத்த வட்டு குனிவதைத் தாங்குவதில்லை. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் பாரம் தூக்குவதைத் தவிர்ப்பது நலம். நெடுநேரம் குழித்தறியில் குனிந்து அமர்ந்தவரும், எழுந்தவுடன் தூக்காமல் சில நிமிடம் நடந்துவிட்டு வருதல் வேண்டும்.

துண்டை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டால் அபாயமில்லை என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழ்ந்திருக்கிறது. அதன் நவீன வடிவமான இடுப்புப் பட்டைகள் உடல்நலமுள்ள தொழிலாளருக்குக் காயத்தைத் தடுக்கின்றன என்பதற்குத் தக்க சான்று கிடைக்கவில்லை என்றே மேற்சொன்ன ஆய்வு நிலையம் 1994-இல் கூறியது. துண்டு தைரியம் தரும். அந்தத் தைரியத்தில் பத்துக் கிலோ கூடுதலாகத் தூக்கிவிடுவோம். தென்மாவட்டங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கி வாலிபத்தை நிரூபித்த காலம் உண்டு. அதைத் தூக்கியவர் தூக்கி எறிந்துவிட்டுப் போனார். மறுநாள் தறியில் உட்கார வேண்டிய கவலை அவருக்கு அப்போது இல்லை.

எல்லாம் பார்த்தும் பிடித்துக்கொண்டுவிட்டால் என்ன செய்வது? படுக்கையிலேயே வாரக்கணக்கில் கிடக்க வேண்டும் என்பது பழைய கருத்து. பின்லாந்து நாட்டில் நடத்தப்பட்டு 1995-இல் வெளியான ஆய்வில், படுக்கையில் கிடந்தவர்களைவிட, வலி இடங்கொடுத்த மட்டும் அன்றாட நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்களே விரைவில் குணமடைந்தனர். ஆனால் வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலும், பாதம் மரத்துப்போனாலும் மருத்துவரைக் காண வேண்டும். சிறுநீர் கழிப்பதில் தடை உண்டானாலோ, அடியிடுக்கில் உணர்ச்சி குன்றினாலோ ஒரு நாளும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று அப்போது காத்திருப்பது காலை இழப்பதற்கு வழி.

தனியே செய்யவே கூடாத வேலைகளும் உள. ஜக்கார்டுப் பெட்டியைத் தறியின் மேலேற்றுதல், மோட்டாரை இறக்குதல், மச்சின் மீது மூட்டை ஏற்றுதல் ஆகியவை அவ்வகையின. கைதவறினால் இது எங்கே விழும் என்று தூக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தலையின் மேல் என்பது விடையானால், அடுத்த வீட்டாரை அழைக்க வெட்கப்பட வேண்டியதில்லை. சங்கக் கிடங்கில் சங்கிலிக் கப்பி ஒன்றும், பீம் ஏற்றும் உருளை வண்டி ஒன்றும் வாங்கி வைத்து, முறைவைத்து அங்கத்தினர்களுக்கு அளிக்கலாம் என்பது எம் கருத்து. அடுத்த பேரவையில் இதை எவரேனும் முன்மொழிந்தால் நாம் வழிமொழிவோம். அதுவரை, கவட்டைக் கட்டைகள் நான்கைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். வேப்பமரத் துண்டுகளே போதும்.