சீகன்பால்கு ஐயரும் வளர்ந்த விசுவாசமும்

நெய்வேலி எமது ஊர். 1956ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பெற்றபின் எழுந்த நகரியத்திலேயே யாம் வளர்ந்தோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேரப் புறப்பட்டபோது, சபை மூப்பர் ஒருவர், “தம்பி, பிறசமய நூல்களையே ஓதிக்கொண்டிருந்தால் விசுவாசம் தளராதா?” என வினவினார். விடை கூற இயலாது நின்றோம். தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயரின் வரலாற்றைக் கற்ற பின்னரே விடை ஒருவாறு புலனாயிற்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1682இல் சாக்சனி நாட்டிற் பிறந்த ஐயர், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். ஹாலே நகரில் அவர் கற்ற இறையியல், மனந்திரும்புதலையும் உள்ளத்து அநுபவத்தையும் வற்புறுத்துவது. டென்மார்க்கு வேந்தர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, புளூச்சோ ஐயருடன் 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழர் கல்வியும் ஒழுக்கமும் அற்றவர் என்பதே அக்கால ஐரோப்பியர் பலருடைய எண்ணம்; ஐயரும் அதற்கு விலக்கல்லர்.

அவ்வெண்ணத்தை மாற்றியது தமிழே. சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகிய அவர், இரண்டே ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்நூல்களைத் திரட்டி, 1708இல் அவற்றிற்கு அட்டவணை வகுத்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவ்வாண்டிலேயே ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். கிறிஸ்துவை அறியாதார் நூல்களில் இத்துணை அறவொளி எங்ஙனம் வந்தது? அந்நூல்கள் கூறுவன அனைத்தையும் தள்ளாது, அவற்றினும் தெய்வ ஒளி சிறிது உண்டென ஏற்றார். ஆயினும் மீட்பு கிறிஸ்துவினாலேயே என்னும் உறுதியை விட்டாரல்லர்.

அவ்வாண்டு நவம்பரிலேயே துன்பம் வந்தது. கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கிற் பரிந்து பேசினமையால், டேனியத் தளபதி ஹாசியஸ் அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார். சிறையிட்டவர் கிறிஸ்தவர், ஐயர் அப்போதுதான் பெயர்த்து முடித்தவையோ பிறசமயத்தார் இயற்றிய நீதிநூல்கள். இம்முரண் அவர் நெஞ்சைச் சுடாதிருந்திராது என எண்ணுகின்றோம். எனினும் கசந்து போகாது, கிறிஸ்தவ வாழ்வைப் பற்றிச் சிறையிலிருந்தே நூல் எழுதினார்.

விடுதலைக்குப் பின்னும் தமிழ்ப்பணி ஓயவில்லை. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முற்றிற்று. ஆனால் தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து 1713இல் எழுதியனுப்பிய பெருநூலை, ஆசிரியராகிய பிராங்கே ஏற்றாரல்லர். அது சென்னையில் அச்சேறியது 1867இல்! கோப்பன்ஹேகனிலிருந்து வந்த கடுமையான கண்டனக் கடிதமும் இறுதிக் காலத்தில் அவரை வாட்டியது. 1719 பெப்ருவரி 23இல், முப்பத்தாறே வயதில், உயிர்நீத்தார். பகைவர் தந்த சிறையினும் தம்மவர் காட்டிய ஐயம் கொடிது போலும்.

எமது ஊர்ச் சுரங்கத்தில் மேல்மண்ணை அகற்றினாலன்றி நிலக்கரி தென்படாது. ஐயரிடத்தும் அகன்றது முற்கோள் என்னும் மேல்மண்ணே, விசுவாசம் அன்று. கல்வி அவருக்குப் பணிவைத் தந்தது. துன்பம் அப்பணிவைச் சோதித்து உறுதியாக்கியது.

மூப்பருக்கு இன்று விடை கூறத் துணிவோம்: “ஐயா, பிறர் நூலைக் கற்பதாற் குலையும் விசுவாசம், துன்பம் வரும் நாளில் நில்லாது. அன்போடு கற்று, நியாயத்திற்காக நிற்பின், அது வளரும்.” மாணவ நண்பர்காள்! அவ்வழியே நாமும் கற்போமாக.