விசைத்தறியில் லாபம் கையில் நிற்க...

வெள்ளகோவில் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்களே, இவற்றை இந்த மாதமே தொடங்குங்கள்.

● தறிக்கு ஒரு நோட்டு: ஷிப்ட் முடிந்ததும் நெய்த மீட்டர், தறி நின்ற நேரம், நின்ற காரணம் (பாவு இழை அறுந்ததா, தார் தீர்ந்ததா, கரண்ட் போனதா) எழுதுங்கள். தினம் அரை மணி நின்றால், 26 வேலைநாளில் 13 மணி நேர நெசவு போச்சு!

● நூல் எடை: வந்த நூல், போன துணி, கழிவு மூன்றையும் எடை போட்டுக் குறியுங்கள். கணக்கு கையில் இருந்தால் பிடித்தம் பற்றித் தைரியமாகப் பேசலாம்.

● மின்சாரம்: விசைத்தறிக்கு 2 மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். வாராவாரம் மீட்டர் பாருங்கள். செலவு திடீரென ஏறினால் மோட்டாரைச் சோதியுங்கள்.

● அடக்கம்: ஆள் கூலி, கரண்ட், உதிரிபாகம், வங்கி வட்டியோடு உங்கள் உழைப்புக்கும் சம்பளம் சேர்த்து ஒரு மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அதற்குக் குறைந்த கூலிக்குப் பாவு ஏற்ற வேண்டாம்.

● பாக்கி: முதலில் உத்யம் (சிறுதொழில்) பதிவு செய்துகொண்டு, பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். 2006-ம் ஆண்டு குறு, சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் அதிக நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாமதித்தால் வட்டி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.